எட்டாவது ஆள்

"அண்ணாச்சி, இந்தப் படத்துல எட்டுப் பேரு நிக்காங்க."

"ஏழு பேருதாம்மா."

"எண்ணிட்டுத்தான் சொல்லுதேன். வலது ஓரத்துல ஒரு பொண்ணு..."

"அங்கன யாரும் கிடையாது. நீ வட்டத்தைப் போடு."

பொன்னுச்சாமி போனை வைத்துவிட்டார். ஷீலாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

சங்கரன்கோவில் திருவேங்கடம் ரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வெப்சைட் செய்து கொடுப்பது அவள் தொழில். பொன்னுச்சாமி விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவர். சேலைகளை ஆன்லைனில் விற்க ஒரு வெப்சைட் கேட்டிருந்தார். அதில் 'எங்கள் நெசவாளர்கள்' என்று ஒரு பக்கம். அதற்காகத் தன் போனில் இருந்த பன்னிரண்டு போட்டோக்களை அனுப்பி, எல்லாவற்றையும் வட்டமாகத்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"சதுரமா போட்டா இன்னும் எடுப்பா இருக்கும் அண்ணாச்சி."

"வேண்டாம். ஏழு பேரோட வட்டம் முடிஞ்சிரணும்."

போட்டோவின் மேல் வட்டத்தை வைத்தால் உள்ளே இருப்பது தெரியும், வெளியே இருப்பது மறையும். மறையுமே தவிர அழியாது. ஷீலா வட்டத்தை லேசாக வலப்பக்கம் இழுத்தாள்.

அந்தப் பெண் மெல்ல உள்ளே வந்தாள்.

அடுத்த போட்டோவிலும் இழுத்துப் பார்த்தாள். அதிலும் இருந்தாள். பொங்கலுக்கு எடுத்தது, ஆயுத பூஜைக்கு எடுத்தது, மழைக்கு ஒதுங்கி நின்றபோது எடுத்தது, பன்னிரண்டிலும் அதே ஓரத்தில் அதே பெண். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். இவள் மட்டும், போட்டோ எடுப்பவருக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பதைப் பார்த்தவள் போல விறைத்து நிற்கிறாள்.

ஷீலா எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். அப்படியும் குளிர்ந்தது.

மறுநாள் காலையில் நேராகத் தறிக்கூடத்துக்கே போனாள். பொன்னுச்சாமி இல்லை. காது அடைக்கிற சத்தத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏழு தறிகளின் முன்னால் ஏழு பெண்கள்.

எட்டாவது தறியும் ஓடியது. முன்னால் ஆள் இல்லை. பக்கத்தில் ஒரு டம்ளர் டீ. ஆவி பறந்தது.

"இது யாரு தறி அக்கா?" ஷீலா கத்திக் கேட்டாள்.

ஒருத்தி கையை உயர்த்தினாள். ஏழு தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. எட்டாவதை அவளே போய் நிறுத்தினாள். அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

"இங்கன ஏழு பேருதான்" என்றாள் அவள்.

மற்ற ஆறு பேரும் கண் இமைக்காமல் ஷீலாவையே பார்த்தார்கள். தொங்கிய நூல் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து யாரோ மூச்சை அடக்குவது போல் ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

ஷீலா திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

அறைக்குத் திரும்பியதும் கோபம் வந்தது. ஆளை அடைத்துவைத்து வேலை வாங்குகிறாரா? கணக்கிலேயே காட்டாமல் உழைப்பைச் சுரண்டுகிறாரா? போட்டோவில்கூட ஒரு பெண்ணுக்கு இடம் இல்லையா? அண்ணாச்சி, நாலு பேர் பார்க்கட்டும்.

வட்டத்தை எடுத்துவிட்டு ஒரு போட்டோவை முழுசாகத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டாள். 'விரைவில் நமது புதிய வெப்சைட்' என்று எழுதி, கீழே தன் போன் நம்பர்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு போன்.

"மேடம், திருப்பூர்ல இருந்து பேசுதேன்." பணிவான, மெதுவான குரல். "அந்தப் படத்துல கடைசியா நிக்கது என் சம்சாரம் மேடம். பேச்சித்தாய். மூணு வருஷமா தேடாத இடம் இல்ல."

ஷீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

"சோறு இறங்கல மேடம். நீங்க தெய்வம் மாதிரி."

அவளுக்குக் கண் கலங்கியது. தான் செய்தது வீண் போகவில்லை.

"எதுக்கும் அவதானான்னு உறுதி பண்ணிக்கிடுதேன். என் போன்ல மங்கலாத் தெரியுது. இடது கன்னத்துல, காதுக்குக் கீழ, ஒரு தழும்பு இருக்கான்னு பெருசாக்கிப் பாருங்க."

மூலப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். இருந்தது. முக்கோணமாக, பளபளவென்று.

"அடையாளத்துக்கு நான் போட்டதுதான் மேடம். இஸ்திரிப் பெட்டி." லேசாகச் சிரித்தார். "அப்படியும் ஓடிட்டா பாருங்க. இந்த வாட்டி ஓடுத காலைப் பாத்துக்கிடணும். எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க, சாயங்காலத்துக்குள்ள வந்துருதேன்."

ஷீலா கம்ப்யூட்டரில் ஃபேஸ்புக்கைத் திறந்து அந்தப் பதிவை அழித்தாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? தழும்பு இருக்கா?"

"தழும்பா? ஒண்ணும் இல்லையே சார்" என்றாள் ஷீலா. "அது எங்க அக்கா."