சிமியோன் இல்லாத வீடு

கிட்ட வந்து இருங்கள், என் கண்மணிகளே. பருத்தித்துறைக் கரையோரத்தில் ஒரு வீட்டு வாசல் படலையில் நடந்ததைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், ஆனால் கடைசிவரை கேட்க வேண்டும்.

"லூர்த்தக்கா! உந்த லண்டன் லோயர் எங்கடை ஒழுங்கைக்குள்ளை வந்திட்டா! ஒவ்வொரு படலையாப் பாத்துக்கொண்டு வாறா!"

பக்கத்து வீட்டு ஜெசிதா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த லூர்த்தம்மாவின் கை நின்றது.

"ஆரடி அது?"

"தக்சாயினியாம். லண்டனிலை படிச்சுப்போட்டு, இஞ்சை வந்து திரும்பவும் சோதினை எழுதி லோயரானவவாம். ஆரும் லண்டனை விட்டிட்டு இஞ்சை வருவினமே? வீட்டுச் சொந்தக்காரர் ஆரோதான் அனுப்பியிருக்கினம். கரவெட்டியிலையும் உப்பிடித்தான் ஒருத்தர் சிரிச்சுக்கொண்டு வந்தவர். அடுத்த மாதம் அந்தக் குடும்பம் றோட்டிலை!"

லூர்த்தம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த வீடு அவர்களுடையதல்ல. சண்டைக் காலத்தில் லண்டன் போன முத்துக்குமாரு, "பாத்துக்கொள் சிமியோன்" என்று அவள் புருஷனிடம் வாசல் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போன வீடு. ஷெல் விழுந்து இடிந்த சுவரைத் திரும்பக் கட்டியதும் கூரை போட்டதும் சிமியோன்தான். அவனுடைய போன் கடலில் விழுந்ததோடு லண்டன் தொடர்பும் அறுந்துபோனது. இந்த வீடு போனால் ஒதுங்க வேறு இடமில்லை.

முற்றத்தில் வலை திருத்திக்கொண்டிருந்த சிமியோன் நிமிர்ந்தான்.

"உள்ளதைச் சொல்லுவம். நான்தான் சிமியோன் எண்டு..."

"இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? பேர் தெரிஞ்சால்தானே வழக்குப் போடுவினம்! வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ."

படலை திறந்தது. வெள்ளைச் சேலையில் ஓர் இளம்பெண் நின்றாள்.

"அம்மா, நான் புதுசாத் தொழில் தொடங்கியிருக்கிற லோயர். கந்தோருக்கு ஒரு அறை தேடுறன். இது உங்கடை வீடே?"

"இல்லைப் பிள்ளை. நாங்கள் சும்மா காவலுக்கு."

அவளுடைய பார்வை சுவர், கூரை, கிணறு என்று மெதுவாகச் சுற்றி வந்தது. 'கண்ணாலேயே அளக்கிறாள்' என்று நினைத்தாள் லூர்த்தம்மா.

"வீட்டை வடிவா வைச்சிருக்கிறியள். கனகாலமோ?"

"சீச்சீ! போன வருசந்தான் வந்தனாங்கள்."

"அப்ப முந்தி இருந்தவை? சிமியோன் எண்டு ஒருத்தர்..."

பேரோடுதான் வந்திருக்கிறாள்! லூர்த்தம்மா அவசரமாய்க் கடல் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவையோ? அவை எப்பவோ இந்தியாவுக்குப் போட்டினம்."

"செத்துப்போனார் எண்டும் ஒரு கதை இருக்கு," என்று வேலிக்கு அப்பாலிருந்து ஜெசிதா கைகொடுத்தாள். சிமியோனுக்குப் புரைக்கேறியது.

"இவர்?"

"என்ரை மனிசன். பேர்... அந்தோனி."

லோயர், "சரி அம்மா, வாறன்," என்று சொல்லித் திரும்பினாள். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூட அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

படலை சாத்தியதும் ஜெசிதா வெடித்துச் சிரித்தாள். "லண்டன் படிப்பாம்! எங்கடை வாய்க்கு முன்னாலை நிக்குமே?"

"என்னைச் சாக்காட்டிப்போட்டுச் சிரிக்கிறாய் என்ன?" என்று சிமியோனும் சிரித்தான். லூர்த்தம்மா மறுபடி கருவாட்டைப் புரட்டத் தொடங்கினாள்.

ஒழுங்கை தெருவில் ஏறும் முடக்கில் நின்ற ஓட்டோவில் ஏறிய தக்சாயினி, லண்டனில் இருக்கும் தன் தாய்க்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, சிமியோன் குடும்பம் இஞ்சை இல்லை. நான் முத்துக்குமாருவின்ரை மகள் எண்டு சொன்னால், வீட்டுக்காக எல்லாரும் தாங்கள்தான் சிமியோன் எண்டுவினம். அதுதான் அப்பான்ரை பேரைச் சொல்லாமல் விசாரிச்சனான். அப்பா சாகேக்கை சொன்ன மாதிரி, நான் எழுதுற முதல் காணி உறுதிப் பத்திரத்திலை இந்த வீட்டைச் சிமியோனுக்குக் குடுக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தனான்! இப்ப வேறை ஆரோ இருக்கினம். போன வருசந்தான் வந்ததெண்டு தங்கடை வாயாலையே சொல்லிச்சினம். அவையை வீட்டை விட்டு எழுப்புறதுக்கு நாளைக்கே வழக்குப் போடுறன்."

உங்கள் வீட்டுப் படலையை நல்லவர்களே திறக்கட்டும், பிள்ளைகளே. வந்தவர் நல்லவர் என்று அறிகிற கண்ணையும் ஆண்டவர் உங்கள் வீட்டாருக்குத் தரட்டும்.