பழகக் கற்றுத்தரும் பொம்மை

"கையை ஆட்ட வேணாம்னு சொல்லுங்கம்மா, திரை குழம்புது—" "அது கையாட்டல் இல்ல சார், பேச்சு!" காது கேளாத பிள்ளைகளின் வகுப்பறையில் கம்பெனிக்காரரும் ஒரு தாயும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொள்கிறார்கள். தொடுதிரையில் நீலமுடிப் பொம்மையொன்று பல்லிளிக்கிறது. மனிதரோடு பழகக் கற்றுத்தருமாம் அது! அதற்காக அந்தத் தாயின் மகளையும் அவள் உயிர்த்தோழியையும் ஆளுக்கொரு மூலையில் பிரித்து உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்களோ சன்னல் வெயிலில் விரல்கள் பறக்க, ஏதோ கதை பேசிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்கள். "பொம்மை கை நீட்டினா உங்க பொண்ணு தொடவே மாட்டேங்குறா. யாரோடயும் பழகத் தெரியலைன்னு மெஷின் சொல்லுது. இந்த வருஷம் முழுக்க இவ தனியாத்தான் உட்காரணும்." பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி, கைக்குட்டையால் பொம்மையின் கன்னத்தைப் பதமாகத் துடைக்கிறார் கம்பெனிக்காரர்.

"வந்ததிலேர்ந்து அது மூஞ்சியத் தொடைக்கிறீங்களே, எம்பொண்ணு மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசினீங்களா சார்?"