ஆச்சா, ஆகலையா?

கல்யாணம் ஆச்சா என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள் நர்ஸ். எதிரே உட்கார்ந்திருந்தவள் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வரிசையில் இருபத்திரண்டு பேர். மின்விசிறி வேறு ஓடவில்லை.

நோயாளிகள் நர்ஸுக்கு வைத்த பெயர் சிடுசிடு சிஸ்டர். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, பத்தொன்பது வருஷமாக, ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் முகம் அப்படித்தான் ஆகும்.

அது கல்யாணத்தைப் பற்றிய கேள்வியே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வேறொன்றைக் கேட்க வாய் கூசி, யாரோ ஒரு புண்ணியவான் அதற்குப் பதிலாகக் கண்டுபிடித்து வைத்த கேள்வி. ஆச்சு என்றால் திரைக்குப் பின்னால் கட்டில், டாக்டரம்மா, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. ஆகலை என்றால் இந்த மேசையிலேயே சத்து மாத்திரை, போய்வா.

இவளுக்கோ நாலு மாதமாக நாள் கணக்கில்லாமல் இரத்தம் போகிறது. போன மாதம் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆகலை என்று சொல்லிவிட்டு மாத்திரையோடு திரும்பி வந்தாள். அந்த மாத்திரை அட்டை வீட்டு அலமாரியில் பிரிக்காமல் கிடக்கிறது.

ஆச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. சொல்லமாட்டாள். பொய் சொல்லிப் படுக்கிற கட்டிலில் உண்மையான வியாதி எப்படித் தெரியும் என்று நியாயம் பேசுவாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவது முறை கேட்டாள்.

அவள் படத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அத நீங்கதான் சொல்லணும் சிஸ்டர்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். இந்தக் காலத்துப் பெண்களின் வாயைப் பற்றி ஓர் அம்மாள் ஏதோ சொன்னாள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இவள் மேல், அந்தக் கேள்வியின் மேல், அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் மேல். இதே பேனாவால் ஆகலை, ஆகலை என்று எழுதி எத்தனை பேரை வாசலோடு அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்தபோது தன் மேலும். கூடவே, இந்த வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

ஆச்சு என்று எழுதினாள். எத்தனை வருஷம் என்ற கட்டத்தில், அவளைக் கேட்காமலே, பதினொன்று என்று எழுதினாள்.

அடுத்த கட்டம் கணவர் பெயர். அதிலும் ஒரு பெயரை எழுதி, கோப்பை மூடி, அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகத் திரைக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, தானே கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கோப்பைப் படித்துக்கொண்டே வந்த டாக்டரம்மா, கணவர் பெயர் என்ற கட்டத்தில் நின்றார். தலையை நிமிர்த்தி, நர்ஸின் உடுப்பில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் படித்தார். மறுபடி கோப்பு. மறுபடி அட்டை. இரண்டிலும் ஒரே பெயர்.

காலையில் ஒரே வீட்டைப் பூட்டிவிட்டு, வேறு வேறு பஸ்ஸில் வந்திருந்தார்கள் இருவரும். அது நர்ஸ் போட்ட நிபந்தனை. ஆஸ்பத்திரியில் என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்பது இன்னொன்று.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். சிடுசிடுப்பில் அவர் நர்ஸுக்கே அக்கா. கட்டிலில் இருந்தவளிடம், வலித்தால் உடனே சொல்ல வேண்டும், நிறுத்திவிடுவேன் என்றார். நர்ஸைக் காட்டி, இவள் பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

சின்னக் கருவியாகப் பார்த்து எடுத்துக்கொண்டே, திரும்பாமல், நர்ஸிடம் சொன்னார்.

"பதினொரு வருஷம்னு எழுதியிருக்க. உனக்கு இத கடைசியா எப்ப பாத்தது?"

ஊழியர் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் வருஷா வருஷம் ஆகலை என்று தானே எழுதிக் கொடுத்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறவள் நர்ஸ்.

பார்த்ததே இல்லை என்று கட்டிலிலிருந்து பதில் வந்தது.