உள்ளங்கையில் ஒரு பெயர்

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகமா இருக்கிறீங்களா? எனக்கு முழங்கால் வலிதான். ஆனால் இன்றைக்கு வலிப்பது வேறு இடம்.

பக்கத்து வீட்டு சுஹைராவுக்குப் பதினாறு வயது. மணப்பெண்களுக்கு மருதோண்டி போடும் தொழில் தொடங்கினாள். முதல் ஓடர் மூதூரில் ஒரு கலியாண வீட்டில். துணைக்கு நான் போனேன்.

"வாப்பாவும் மூதூர்லதானே வேலை, மூத்தம்மா! முடிஞ்சதும் போய்ச் சொல்லுவம். 'உனக்கு ஆர் ஓடர் தருவா'ண்டு சிரிச்சவர்." பஸ் முழுக்க சுஹைராவுக்குத் தகப்பன் கதைதான்.

மணப்பெண் நல்ல பிள்ளை. மருதோண்டிப் பூவுக்குள் மாப்பிள்ளையின் பெயரை ஒளித்து எழுதச் சொன்னாள். பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு, போனில் படத்தோடு காட்டினாள். கண்ணாடி கொண்டு போகாததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சுஹைரா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதி முடித்தாள். கொடுத்த காசைத் தொடவேயில்லை.

வெளியே வந்ததும், "வீட்ட போவம், மூத்தம்மா" என்றாள்.

"வாப்பாவப் பாக்கப் போகல்லையா? காசும் வேணாமெண்டுட்டாய். இப்பிடி யாவாரம் செய்ய ஏலுமா, புள்ள?"

"என்ட வாப்பாட கலியாணத்துக்கு நான் எப்பிடிக் காசு வாங்குற, மூத்தம்மா?"

திரும்பி வந்தபோது, வாசலில் அவளின் உம்மா சிரித்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பா என்ன சொன்னார், மகள்?"

சுஹைரா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

இப்படி ஒரு வாசலில் நீங்கள் நின்றிருக்கிறீர்களா, பிள்ளைகளே? என்ன சொன்னீர்கள்? எழுதுங்கள்.