மாப்பிள்ளை ஊர்வலச் சேணம்

வண்ணாரப்பேட்டை தோல் கடை வாசலில், தன் குதிரை ராணியின் முதுகில் மூன்றாவது சேணத்தையும் வைத்துப் பார்த்தான் ஜட்காக்காரன் தமீம்.

"மாப்ள ஊர்வலத்துக்குன்னு சொன்னியே, வெல்வெட்டே எட்த்துக்கோ. குந்த சொகமா இருக்கும்" என்றார் கடைக்காரர் கலீலுல்லா.

"ராணி முதுவுல உறுத்துது பாய். வெள்ளைக்காரன் வுட்டுட்டுப் போன அந்தப் பழசக் குடு. வெல கம்மி. இவ இளைச்சா வார இறுக்கிக்கலாம், பெருத்தா தளர்த்திக்கலாம்."

"கெட்டியா கீதே! மாப்ளைக்கு வலிக்காது?"

"வலிச்சா வலிக்கட்டும். ஒரு ராத்திரி தாங்க மாட்டானா, கஸ்மாலம்!"

"மெதுவாப் பேசு. அவன் காதுல வுழுந்தா பேஜாராயிடும்."

"வுழுந்துகினுதான் கீது பாய்." தமீம் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான். "எனக்குத்தான் கல்யாணம். மறுநாள் இவதானே ஜட்கா இழுத்து எங்க ரெண்டு பேருக்கும் சோறு போடணும்?"