பங்காக் கயிறு

கோர்ட்டு வராந்தாவில் மல்லாந்து படுத்து, கால் கட்டைவிரலில் மாட்டிய கயிற்றால் பங்கா இழுப்பது வீரபுத்திரனின் வேலை. கயிறு சுவரிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே போய், துரையின் தலைக்கு மேல் தொங்கிய துணி விசிறியை ஆட்டும். பதினோரு வருஷத்தில் அவன் ஒரு விசாரணையையும் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் அந்த ஓட்டை வழியே காதில் விழுந்ததுதான்.

அன்று, உப்புக் காய்ச்சியதற்காக ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள்.

"தெரியாம செஞ்சுட்டேன்னு சொல்லிடும்மா, தொரை விட்டுடுவாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றது அவள் குரல்.

ஆறு மாதம் என்று தீர்ப்பு வந்தது. வீரபுத்திரனின் கால் நின்றது.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பங்காவின் கிறீச் சத்தம் ஓய்ந்ததும் கோர்ட்டுச் சேவகரான டவாலி சாமிக்கண்ணு வெளியே ஓடிவந்தார். பங்கா இழுப்பவன் கண்ணயர்ந்தால் ஓர் உதையோடு போய்விடும். அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. அவர் குனிந்து, "தூங்கிட்டேன்னு சொல்லிடுடா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று கிசுகிசுத்தார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே பார்த்து, "தூங்கிட்டான் தொரை!" என்று குரலும் கொடுத்துவிட்டார்.

வீரபுத்திரன் எழுந்து உட்கார்ந்தான். காய்த்துப்போன விரலிலிருந்து கயிற்றைக் கழற்றினான். சுவர் ஓட்டையில் வாயை வைத்து, உள்ளே நின்றவள் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னான்:

"தூங்கல. தெரிஞ்சுதான் நிறுத்தினேன்."