காரணம் கட்டாயம்

மனிதகுல வரலாற்றை இனி இரண்டாகப் பிரிக்க வேண்டியதுதான்: இந்த மென்பொருளுக்கு முன், இந்த மென்பொருளுக்குப் பின்.

அப்படித்தான் முதலாளி முழங்கினார். வரலாறோ, தண்ணீர் பம்ப் தயாரிக்கும் அந்தக் கம்பெனியின் கேன்டீனில் மதியச் சாப்பாடு முடிந்து பாதித் தூக்கத்தில் இருந்தது.

"இனிமே யாரும் யார்கிட்டயும் வாயைத் திறக்க வேண்டாம். எல்லாத்தையும் சிஸ்டமே பேசிக்கும்" என்றாள் பயிற்சி கொடுக்க வந்த பெண்.

ஃபோர்மேனுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஸ்டோர் கீப்பரோடு அவருக்குப் பேச்சு நின்று வருடக்கணக்காகிறது. ஸ்டோர் கீப்பர் அவருக்கு மச்சான், மனைவியின் உடன்பிறந்த தம்பி. தம்பி வீட்டு வாசலை மனைவியும் மிதிக்கக் கூடாது என்று உத்தரவே போட்டிருந்தார்.

சாமான் வேண்டுமானால் ஸ்டோர் வாசலில் நின்று, "ரெண்டு பேரிங் கிடைச்சா மெஷின் ஓடும்" என்று கூரையிடம் சொல்வார். "மேல் தட்டுல இருக்கு" என்று மச்சான் ஜன்னலிடம் சொல்வான். கம்பெனி நன்றாகத்தான் ஓடியது.

கெட்ட நேரம், செய்து காட்ட அவரையே முன்னால் கூப்பிட்டார்கள். அவர் தட்டுவதெல்லாம் பெரிய திரையில் தெரிந்தது.

பேரிங், இரண்டு. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தி அனுப்பினார்.

கடைசி வரிசையில் ஸ்டோர் கம்ப்யூட்டரோடு மச்சான் உட்கார்ந்திருந்தான்.

திரை சிவந்தது. 'திருப்பி அனுப்பப்பட்டது. காரணம் தேவை.'

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. தானாக வந்து மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால், நாலு பேர் முன்னால் காரணம் கேட்கிறான்!

"கோவிச்சுக்காதீங்க சார், சிஸ்டம்தான் கேக்குது, காரணம் கட்டாயம். சும்மா எதையாவது போடுங்க" என்றாள் அந்தப் பெண்.

'காரணம் உனக்கே தெரியும்டா.'

மறுபடி சிவப்பு. 'விவரம் போதாது.'

விவரமா? முதலாளி, மென்பொருள், மனிதகுலம் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கீபோர்டு அதிர்ந்தது.

'என் பொண்ணு கல்யாணத்துல அத்தனை பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டுப் போனாங்க. தாய்மாமன் நீ மட்டும் கை நனைக்காமக் கிளம்பினே. என்னைத் தலைகுனிய வைக்கத்தானே?'

அனுப்பிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பாதித் தூக்கத்தில் இருந்தவர்களெல்லாம் முழுதாக விழித்துக் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சான் எழுந்தான். "மாமா, இங்க வேண்டாம். வீட்டுல பேசிக்கலாம்."

"ஏன், வாயடைச்சுப் போச்சா? சிஸ்டத்துல போடுடா!"

மச்சான் உட்கார்ந்து தட்டினான். பெரிய திரையில் பதில் வந்தது.

'கடைசிப் பந்திக்குச் சோறு இல்லை மாமா. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு அக்காதான் என்னைக் கிளம்பச் சொன்னாங்க.'